ஐப்பசி யானை எந்த வருஷத்தில் ஓடியது

"பிடிச்சு நிறுத்தினவர், ஓய்! ஆனையைப் பிடிச்சு நிறுத்தினவர்! வெரட்டி விட்டவர் இல்லை!"

நீலகண்டய்யர் தெரு நடுவில், ஒரு கையில் குடையும் மறுகையில் வேஷ்டி நுனியுமாக நின்று கத்திக்கொண்டிருந்தார். வைகாசிப் பாதியில் இறங்கும் இடவப்பாதி மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. மழைக்காகச் சாத்தியிருந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"ஓலையிலே அப்படி இல்லையே," என்றார் பட்டாபிராமன், தம் வீட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு.

"பின்னே எப்படி இருக்கு? சொல்லும். தெருவெல்லாம் கேக்கட்டும்."

"வேண்டாம். தெருவெல்லாம் கேக்கும்."

"சொல்லும்ங்கறேன்!"

பட்டாபி கண்ணை மூடிக்கொண்டார். மனப்பாடமாக வந்தது. "'கொல்லம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழாம் ஆண்டு ஐப்பசி மாசம் ஸ்வாமி ஆறாட்டுக்கு நீராட எழுந்தருளும்போது, மடப்பள்ளி சேஷய்யன் ஆனை முகத்துக்கு நேரே ஓலைக்குடை விரித்தபடியால் ஆனை மிரண்டு வாழைத்தோட்டத்தில் புகுந்து நாற்பது வாழை முறிந்தது. ஏன் விரித்தாய் என்று கேட்டதற்கு, மழை பெய்தது என்றான்.' இவ்வளவுதான் இருக்கு ஓய். நான் என்ன பண்ணட்டும்?"

எதிர்வீட்டு மாடியில் யாரோ சிரித்தார்கள். நான் இல்லை. நான் கீழே இருந்தேன்.

"என்றான்?" என்று நீலகண்டய்யர் குரல் உடைந்தது. "எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பாவை, என்றானா? ஒரு கையிலே வெல்ல உருண்டையைக் காட்டி, மறுகையாலே தும்பிக்கையைத் தடவி, ஆனையை ஆடு மாதிரி நிக்க வச்சவர்! எங்காத்திலே ஒவ்வொரு ஐப்பசிக்கும் அவர் பேரிலே வெல்லம் நைவேத்யம் பண்றோம். நூத்துப்பத்து வருஷமா பண்ற வெல்லம் பொய்யா?"

"வெல்லம் பொய் இல்லை," என்றார் பட்டாபி. "குடையும் பொய் இல்லை."

சண்டைக்குக் காரணம் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. சர்க்காரில் யாரோ ஒரு பெரிய மனிதருக்கு, ராஜ்யத்தில் போன நூற்றாண்டில் வருஷாவருஷம் நடந்த விசேஷங்களை இங்கிலீஷில் ஒரு புத்தகமாகப் போடலாம் என்று தோன்றியிருக்கிறது. சண்டை, கலகம் எல்லாம் நடந்த ருசியான வருஷங்களை மேலே இருந்தவர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். மிச்சம் 1816 முதல் 1830 வரை பதினைந்து வருஷம், எங்கள் பட்டாபி வேலை பார்த்த பழைய ஓலை ஆபீஸின் தலையில் விழுந்தது. பதினைந்து குமாஸ்தாக்கள், ஆளுக்கு ஒரு வருஷத்து விசேஷங்களை லிஸ்ட் போட வேண்டும். பட்டாபிக்கு வந்தது 1822. அவர் மைத்துனன் ஸ்ரீகண்டனுக்கு 1823.

இந்த ஸ்ரீகண்டன் பி.ஏ. பாஸ் பண்ணிவிட்டு அக்கா பாகீரதி வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டு அத்திம்பேர் ஆபீஸிலேயே சேர்ந்தவன். இரண்டு பேரும் 'ஆக்டிங்'. பட்டாபி பதினொரு வருஷமாக ஆக்டிங். ஸ்ரீகண்டன் பதினொரு மாசமாக. வரப்போகும் ஆவணியிலிருந்து ஆக்டிங் வேலைகளை எல்லாம் எடுத்துவிடுவதாக உத்தரவு வந்திருந்தது. நிரந்தரமாக ஓர் இடம்தான் காலி. ஆடி பதினைந்துக்குள் யார் லிஸ்ட் நன்றாக இருக்கிறதோ அவருக்கு அது. மற்றவர் வீட்டுக்குப் போகலாம். இதை சூப்பிரண்டு நாகேஸ்வரய்யர் வாயாலேயே சொல்லியிருந்தார். நாற்பத்திரண்டு வயசில் வீட்டுக்குப் போனால் அப்புறம் எங்கே போவது என்று பட்டாபி யாரிடமும் கேட்கவில்லை. பாகீரதி எல்லோரிடமும் கேட்டாள்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நினைப்பீர்கள். எங்கள் கிணற்றடிச் சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்த இடம் உண்டு. துவைக்கிற கல்லின் மேல் நின்றால் பட்டாபி வீட்டு முற்றம் தெரியும். துணி துவைக்காமல் ஒரு குடும்பம் இருக்க முடியுமா?

லிஸ்ட் விஷயம் தெருவில் பரவியதும் பட்டாபியின் நிம்மதி போயிற்று. ஆபீஸில் எட்டு மாசமாக ஓலைத் தூசி தின்று, இருமிக்கொண்டே வீட்டுக்கு வருவார். வாசலில் ஆள் நிற்கும். ஆறாம் வீட்டு அம்மிணி தன் பெரியப்பா பாட்டனார் கரமனை ஆற்று வெள்ளத்தில் பசு மாட்டைக் கரையேற்றியதைச் சேர்க்கச் சொன்னாள். எந்த வருஷம் என்று கேட்டதற்கு, "உங்க வருஷத்திலே போட்டுக்கோங்கோளேன், எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லை," என்றாள். எல்லோருக்கும் பட்டாபி ஒரே பதில் சொல்லுவார்: "ஓலையிலே இருந்தா வரும்." அதைச் சொல்லிச் சொல்லி அவர் குரலே ஓலை மாதிரி ஆகிவிட்டது.

நீலகண்டய்யர் விஷயம்தான் வினை. அவர் கேட்டது ஓலையிலேயே இருந்தது.

அன்றைக்கு மழையில் சண்டை முற்றிக்கொண்டிருக்கும்போது, அவர் பெண் சூடாமணி இன்னொரு குடையோடு வந்தாள். காலேஜில் படிக்கிறவள். பத்தொன்பது வயசாகியும் கல்யாணம் ஆகவில்லை என்று நாங்கள் வாரம் ஒரு முறையாவது கவலைப்படுவோம். அவள் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

"அப்பா, உள்ளே வாங்கோ. ஜலதோஷம் பிடிக்கும்."

"நீ சும்மா இரு. ஓய் பட்டாபி, முடிவாச் சொல்லும். அந்தக் குடையை எடுப்பேரா, மாட்டேரா?"

"தொண்ணூத்தேழு ஐப்பசி. எண்ணூத்தி இருபத்தஞ்சு கூட்டினா ஆயிரத்து எண்ணூத்தி இருபத்திரண்டு. என் வருஷத்திலே நடந்திருக்கு, நான் எழுதித்தான் ஆகணும். எழுதினா குடையோடேதான் எழுதணும்."

சூடாமணி நின்றாள். "மாமா, ஐப்பசிக்கு இருபத்தஞ்சு கூட்டப்படாதே."

"என்ன?"

"இருபத்துநாலுதானே கூட்டணும்? நம்ம வருஷம் ஆவணி ஒண்ணாந்தேதி பொறக்கறது. அப்போ இங்கிலீஷ்காராளுக்கு ஆகஸ்டு. மார்கழி பாதி வரைக்கும் இருபத்துநாலு. ஜனவரி பொறந்தப்புறம்தான் இருபத்தஞ்சு." மழைச் சத்தத்துக்கு மேலே கேட்பதற்காக அவள் கொஞ்சம் உரக்கவே சொன்னாள். "என் ஜாதகத்திலே ஆயிரத்தெண்பத்தேழு கார்த்திகைன்னு போட்டிருக்கு. ஸ்கூல் சர்டிபிகேட்டிலே ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணு. நீங்க கூட்டற மாதிரி கூட்டினா நான் இன்னும் ஒரு வயசு சின்னவளாக்கும்."

"பின்னே இந்த ஆனை?" என்றார் நீலகண்டய்யர்.

"இருபத்தொண்ணிலே ஓடியிருக்கு அப்பா. மாமா வருஷமே இல்லை."

நீலகண்டய்யர் முகத்தில் முதலில் ஜெயித்த களை வந்தது. குடை போயிற்று. அடுத்த நிமிஷம், குடையோடு ஆனையும் கொள்ளுத்தாத்தாவின் அப்பாவும் சேர்ந்து போனது தெரிந்து வாயைத் திறந்தபடி நின்றார். ஆனால் தெருவில் யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் பட்டாபியைப் பார்த்தார்கள். அவர் விரல் விட்டு ஏதோ எண்ணினார். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. ஐந்தாவது விரலை மடக்கியதும் அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டார்.

ஒரே ஒரு தப்புதான். எங்கள் ஊர்க்காரர்களால்தான் அப்படி ஒரு தப்பைப் பண்ண முடியும். ஆபீஸில் ஓலைக்கட்டுகள் கொல்லம் ஆண்டுப்படி கட்டியிருக்கின்றன. ஆவணியில் தொடங்கி ஆடியில் முடிகிற ஒரு வருஷத்துக்கு ஒரு கட்டு. 1822 வேண்டும் என்று இங்கிலீஷில் உத்தரவு வந்ததும், பட்டாபி எண்ணூற்றிருபத்தைந்தைக் கழித்து, 997 என்ற கட்டை அவிழ்த்து, முதல் ஓலை முதல் கடைசி ஓலை வரை எழுதிவிட்டார். அதில் முதல் ஐந்து மாசம் 1821. அவருக்கு உண்மையில் வேண்டிய கடைசி ஐந்து மாசம், அடுத்த கட்டான 998-இல் இருந்தது. பிறந்தது முதல் ஆவணியில் வருஷம் பிறப்பதையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு, வருஷம் என்றால் அந்தக் கட்டுதான்.

மழை விட்டதும் துவைக்க உட்கார்ந்தேன். முற்றத்தில் மூன்று பேரும் இருந்தார்கள்.

"அவ சொல்றது சரிதான் அத்திம்பேர்," என்றான் ஸ்ரீகண்டன், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே. "எனக்கு மொதல் வாரமே தோணித்து."

"தோணித்தா? சொல்லலையே நீ?"

"எல்லாரும் அப்படித்தான் கட்டை அவிழ்த்தா. பதினாலு பேர் அவிழ்க்கறப்போ நான் ஒருத்தன் வெறுதே என்ன சொல்றது? நானும் அவிழ்த்தேன்."

பாகீரதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இப்போ என்ன ஆச்சு? அந்தப் பெண்ணைத் தவிர யாருக்குத் தெரியும்? நாளைக்கே லிஸ்டைக் கொண்டுபோய்க் கொடுத்துடுங்கோன்னா. எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்."

பட்டாபி இருமினார். வெகுநேரம் இருமினார். இருமல்கூடப் பாதியில் அலுத்துப் போய் நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் நீலகண்டய்யர் ஒரு சீப்பு ஏத்தன் பழத்தோடு பட்டாபி வீட்டு வாசலில் நின்றார். குரல் முந்தின நாள் குரலே இல்லை.

"பட்டாபி, ராத்திரியெல்லாம் யோசிச்சேன். ஒரு மாசம் முன்னே பின்னே இருந்தா என்ன ஓய்? ஆனைக்கென்ன இங்கிலீஷ் வருஷம் தெரியுமா? அது பாட்டுக்கு உம்ம வருஷத்திலேயே ஓடட்டும். குடை இருந்தாலும் இருக்கட்டும். வேணும்னா 'நிறுத்தினார்'னு ஒரு வார்த்தை கடைசியிலே சேர்த்துக்கலாம். எப்படியும் அது ஒரு இடத்திலே நின்னுதானே இருக்கும்?"

"நின்னிருக்கும்," என்று பட்டாபி ஒப்புக்கொண்டார். "ஆனா இருபத்தொண்ணிலே."

"உமக்கு வேலை வேண்டாமா?"

"வேணும். பொய்யா எழுதிட்டா, அதை ஞாபகம் வச்சுக்கணும் ஓய். நாளைக்கு யாராவது கேட்டா அதே மாதிரி திரும்பச் சொல்லணும். எனக்கு அதுக்கெல்லாம் தெம்பு இல்லை. இருக்கறதை இருக்கற மாதிரி எழுதினா மறந்துட்டுப் படுத்துக்கலாம்."

பழத்தை வாங்கிக்கொண்டது பாகீரதி. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை.

அதன்பின் ஐந்து வாரம் பட்டாபி 998-ஆம் கட்டோடு உட்கார்ந்தார். அது ஸ்ரீகண்டன் ஏற்கெனவே அவிழ்த்து எழுதி முடித்த கட்டு. 1823-க்காக அதையும் முதல் ஓலையிலிருந்து கடைசி ஓலை வரை அவன் எழுதி, சித்திரையிலேயே லிஸ்டைக் கொடுத்துவிட்டிருந்தான்.

"சிரமப்படாதேங்கோ அத்திம்பேர், என் டிராஃப்டு பெட்டியிலே இருக்கு. மொதல் அஞ்சு மாசம் உங்களுதுதான், பார்த்து எழுதிக்கோங்கோ," என்றான்.

"ஓலையைப் பார்த்தே எழுதறேன். நீயும் உன்னோடதைத் திருத்தி வாங்கிக்கலாமே?"

"கொடுத்தாச்சே," என்றான் ஸ்ரீகண்டன். அவ்வளவுதான்.

998 ஆவணி முதல் மார்கழி வரை ராஜ்யத்தில் என்ன நடந்தது என்று எங்கள் தெருவுக்கே தெரியும். பட்டாபி சாப்பிடும்போது பாகீரதி கேட்பாள், அவர் சொல்லுவார். ஆவணியில் மழை. புரட்டாசியில் காற்று, விழிஞ்ஞத்திலிருந்து மீன் பிடிக்கப் போன பதினேழு வள்ளங்கள் மூன்று நாள் திரும்பவில்லை, நாலாம் நாள் எல்லாம் திரும்பின. ஐப்பசியில் ஆறாட்டு நடந்தது, ஆனை ஒன்றும் செய்யவில்லை. கார்த்திகையில் வசூரி, பெரியம்மைதான். மார்கழியில் ஒரு பாலத்துக்கு மரம் வெட்டினார்கள், பாலம் கட்டியதாக ஓலை இல்லை.

"இவ்வளவுதானா?" என்பாள் பாகீரதி. "இதுக்கா கண்ணைக் கெடுத்துக்கறேள்? பழைய லிஸ்டிலே ஆனையாவது இருந்தது."

ஆடி பதினைந்தாம் தேதி பட்டாபி புது லிஸ்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த நாள் ஆபீஸில் நடந்ததை எனக்குச் சொன்னது பியூன் பகவதிப்பெருமாள். தோவாளைப் பக்கத்துக்காரர், வெயில் நேரத்தில் எங்கள் வீட்டில் ஒரு செம்பு மோர் குடிக்காமல் தாண்டமாட்டார். மோருக்குப் பதிலாக அவரிடம் இருந்தது செய்தி ஒன்றுதான்.

"என்னத்த சொல்ல, மாமி. சூப்பிரண்டு ரெண்டு லிஸ்டையும் மேசையில விரிச்சு வச்சுக்கிட்டு அய்யர கூப்பிட்டாரு. 'ஏன் ஹே, விழிஞ்ஞத்து வள்ளம் இருபத்திரண்டிலேயும் அதே தேதியிலே காணாமப் போயி, இருபத்துமூணிலேயும் அதே தேதியிலே காணாமப் போச்சா? பதினேழு வள்ளம், ரெண்டு தடவையும் நாலாம் நாள் திரும்பி வந்துதா?' அப்டின்னு ஒரு சத்தம். நான் அரைக்கதவுக்கு இந்தாண்ட நிக்கேன்."

"பட்டாபி என்ன சொன்னார்?"

"மெதுவா சொன்னாரு. ஆவணின்னாரு, ஆகஸ்டுன்னாரு, இருபத்துநாலு, இருபத்தஞ்சுன்னாரு. சூப்பிரண்டு பென்சில எடுத்துக் கணக்குப் போட்டாரு. போட்டாரு, போட்டாரு, அப்டியே முகம் சுண்டிப் போச்சு. பொறவு சத்தத்தக் கொறச்சாரு. எனக்குக் காது நல்லாக் கேக்கும், பாத்துக்கிடுங்க."

"என்னவாம்?"

"'பட்டாபிராமா, நீர் ஒருத்தர் சரியாயிட்டா பதினாலு பேர் தப்பாயிடுவா. பதினாலு பேர் தப்புன்னா நான் தப்பு. ஒவ்வொரு லிஸ்டிலேயும் நான் கையெழுத்துப் போட்டு நகலை மேலே அனுப்பிட்டேன். அடுத்த வருஷம் எனக்கு ரிட்டயர். உம்ம பழைய லிஸ்ட் இருக்கா? ஆனை ஓடற லிஸ்ட்? அதைக் கொண்டு வாரும், இந்த நிமிஷமே உம்மை பெர்மனன்ட் பண்றேன்.' கையப் பிடிச்சுக்காத கொறதான், மாமி."

நான் இன்னொரு செம்பு மோர் ஊற்றினேன்.

"அய்யரு ஒரு மட்டம் இருமினாரு. பொறவு, 'சார், எனக்கு ரொம்ப அசதியா இருக்கு. அதைத் திரும்ப எழுத முடியாது'ன்னாரு. கோவமாச் சொல்லியிருந்தா சூப்பிரண்டுக்குச் சமாளிக்கத் தெரியும். இந்த மனுசன் தூக்கத்துல சொல்லுத மாதிரி சொன்னாரு. அதுதான் அவருக்குப் பொறுக்கல. ஸ்ரீகண்டய்யரக் கூப்பிடுன்னாரு."

ஸ்ரீகண்டன் வந்தான். சூப்பிரண்டு அவனிடம் ஒரே கேள்விதான் கேட்டார். இந்த வள்ளத்தை முதலில் எழுதியது யார்?

"நான்தான் சார். சித்திரையிலேயே," என்றான் ஸ்ரீகண்டன்.

சொன்னது சத்தியம். அதில் ஓர் அட்சரம்கூடப் பொய்யில்லை. அதற்கு மேல் இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி முடிந்திருக்கும். அவன் சொல்லவில்லை, அத்திம்பேரும் அவனைப் பார்க்கவில்லை. சூப்பிரண்டு பைலில் எழுதினார்: பட்டாபிராமன் தம் மைத்துனரின் லிஸ்டிலிருந்து ஐந்து மாசத்தைப் பார்த்து எழுதியிருப்பதாகத் தெரிகிறது. ஆயிரத்து நூற்றேழு ஆவணி ஒன்றாம் தேதி முதல் அவர் வரவேண்டியதில்லை.

பதினைந்து பேரில் ஒருவர்தான் சரியாக எழுதினார். காப்பி அடித்தவர் என்று பெயர் வாங்கியதும் அவர்தான்.

அன்று சாயங்காலம் துவைக்க வேண்டிய துணி எதுவும் இல்லை. ஆனாலும் போனேன். பட்டாபி முற்றத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஸ்ரீகண்டன் வந்து செருப்பைக் கழற்றினான். பாகீரதி அவனுக்கு இலை போட்டாள், தண்ணீர் வைத்தாள், சாதம் போட்டாள். அப்புறம் சட்டென்று, "ஏண்டா, என் தலையிலே மண்ணைப் போட இந்த வாயா? அன்னிக்கு என் கையாலே ஊட்டின வாய்தானே இது?" என்றாள். அவன் சாப்பிடாமல் எழுந்தான்.

"அவனை ஒண்ணும் சொல்லாதே," என்றார் பட்டாபி. "கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான். ஆபீஸிலே அப்படித்தான் சொல்லணும்." பிறகு, யாருக்கோ சொல்வது போல, "ஒரு மாசம் தூங்கினா சரியாப் போயிடும்," என்றார்.

ஸ்ரீகண்டன் மறுநாளே கரமனையில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போனான். போனவனை சூப்பிரண்டு இன்னொரு வேலையும் செய்யச் சொன்னார். பட்டாபியின் பழைய லிஸ்ட் மேசை இழுப்பறையில் கிடைத்தது. அதை நல்ல இங்கிலீஷில் பிரதி எடுக்க வேண்டும். அப்படியாக ஐப்பசி ஆனை திரும்ப 1822-க்கு வந்து சேர்ந்தது. வந்தது மட்டுமில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண் இருப்பதும், அந்தப் பெண்ணுக்கு ஓர் அப்பா இருப்பதும் ஸ்ரீகண்டனுக்கு மறக்கவில்லை. குடை விரிந்த இடத்தில் குடை இல்லை. மடப்பள்ளி சேஷய்யர் என்ற தீரர் தம் உயிரைத் துரும்பாக மதித்து, மதம் பிடித்த ஆனையின் எதிரில் நின்று ஊரைக் காத்தார். வெல்ல உருண்டைகூட இருந்தது.

அந்தக் காகிதத்தின் நகலை நீலகண்டய்யர் வீடு வீடாகக் கொண்டுவந்து காட்டினார். என்னிடம் மூன்று முறை. நாலாம் நாள் ஜாதகமும் கையுமாகக் கரமனைக்குக் கிளம்பினார். சர்க்கார் உத்தியோகம், பெர்மனன்ட், பி.ஏ., நம்ம தெருப் பையன், வேறென்ன வேண்டும்?

அவர் பெண் வேண்டாம் என்றாள்.

அந்தச் சத்தம் கேட்க எனக்குச் செங்கல் ஓட்டை தேவைப்படவில்லை.

"என்ன குறைச்சல்டீ அவனுக்கு? நம்ம குடும்பத்துக்கு எத்தனை பெரிய காரியம் பண்ணியிருக்கான்!"

"பண்ணியிருக்கார். அதைத்தான் நானும் படிச்சேன்."

"பின்னே?"

"அப்பா, ஐப்பசிக்கு எவ்வளவு கூட்டணும்னு அவருக்குத் தெரியும். பட்டாபி மாமா நிக்கறார், பக்கத்திலேயே இவரும் நிக்கறார், ரெண்டு வார்த்தை சொல்லணும். சொல்லலை. அன்னிக்குத் திறக்காத வாயை, எனக்கு எதிர்லே சாம்பார்லே உப்பு இல்லேன்னு சொல்றதுக்கு மட்டும் திறப்பாராக்கும்? எனக்கு வேண்டாம்."

"நீ தெருவிலே நின்னு கணக்குச் சொன்னதாலேதானே பட்டாபிக்கு வேலை போச்சு? அது மட்டும் சரியா?"

"அது எனக்குத் தெரியும் அப்பா," என்றாள். "அதனாலேதான் வேண்டாம்ங்கறேன்."

ஆனை கிடைத்தது, மாப்பிள்ளை கிடைக்கவில்லை. நீலகண்டய்யர் ஒரு மாசம் யாரோடும் பேசவில்லை. தெரு அமைதியாக இருந்தது. கொஞ்சம் சப்பென்றுகூட இருந்தது.

புத்தகம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பெரிய மனிதர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் பக்கத்தைக் குறைக்கச் சொன்னார். 1816 முதல் 1830 வரை பதினைந்து வருஷத்துக்கும் சேர்த்து ஒரே வரிதான் அச்சாயிற்று என்று பகவதிப்பெருமாள் சொன்னார்: 'இக்காலத்தில் ராஜ்யம் பொதுவாக அமைதியாக இருந்தது.' சேஷய்யர், ஆனை, வாழை, வள்ளம், வசூரி எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டன. நீலகண்டய்யரிடம் இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அம்மிணி சொல்லிவிட்டாள்.

ஸ்ரீகண்டன் தை மாசம் கல்யாணம் பண்ணிக்கொண்டான். பெண் சூப்பிரண்டு நாகேஸ்வரய்யரின் தங்கை பெண் மங்கலம். நல்ல பெண், வாயே திறக்கமாட்டாள். ஜோடிப் பொருத்தம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். அக்கா பாகீரதி அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஒரு புடவை மட்டும் கொடுத்தனுப்பினாள்.

சூடாமணி பரீட்சை பாஸ் பண்ணி நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராகப் போனாள். இரண்டு வருஷம் கழித்து சுசீந்திரத்தில் கணக்கு வாத்தியார் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவளே பார்த்துக்கொண்டதாகச் சிலர் சொல்கிறார்கள். நான் அதை நம்புகிறேன். முகூர்த்தத்தன்று நீலகண்டய்யர் சம்பந்தியிடம் ஆனைக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். வருஷம் எது என்று மாப்பிள்ளை கேட்டாராம். சூடாமணி பக்கத்திலிருந்து, "அதைக் கேக்காதேங்கோ," என்றாளாம்.

பட்டாபிக்கு போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் ஒரு கிளார்க் வேலை கிடைத்தது. தோட்டத்தில் ஆள் சேர்ந்த தேதி, மழை அளவு எல்லாம் எழுதி வைக்கிற வேலை. கார்த்திகையில் பாகீரதி குழந்தைகளையும் பாத்திரங்களையும் கட்டிக்கொண்டு மாட்டு வண்டி ஏறினாள். ஏறும்போது என்னைப் பார்த்து, "போய்ட்டு வரேன் மாமி. இனிமே நீங்க துணியைச் சாவகாசமாத் துவைக்கலாம்," என்றாள்.

மலை மேலே அட்டைக் கடி, குளிர், இருமல் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று அடுத்த ஐப்பசியில் பட்டாபியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. தலைப்பில் 1108 ஐப்பசி என்று போட்டு, அடியில் 1932 என்றும் போட்டிருந்தார். முடிவில் இரண்டே வரி. 'இங்கே மழை. வேறு விசேஷம் இல்லை.' நான் அடுப்படியில் உட்கார்ந்து, எண்ணூற்றிருபத்துநாலைக் கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அவர்கள் வீட்டுக்கு அம்மிணியின் பிள்ளை குடிவந்தான். வந்த வாரமே கிணற்றடிச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசி அந்த ஓட்டையை அடைத்துவிட்டான்.